97.3 சதவீதத்தில் நின்ற கேசட்டுகள்

மூன்று மாதமாக என் மேசைக் கணினி இரவும் பகலும் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திரையில் ஒரு பச்சைக் கோடு. பக்கத்தில் 97.3 சதவீதம் என்று ஓர் எண். அது நகர்வதாக இல்லை.

டொரண்ட் என்றதும் திருட்டு சினிமா என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருப்பவை 38 ஒலிநாடாக்கள். எங்கள் நண்பர், போடியில் தமிழ் வாத்தியாராக இருந்தவர், எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் மேலே போவார். ஏலத்தோட்டத்து லயத்து வாசலில் உட்கார்ந்து, காய் எடுக்கிற பெண்களைப் பாடச் சொல்லியும் கதை சொல்லச் சொல்லியும் பதிவு செய்வார். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு, ரோடு வருவதற்கு முன் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மெட்டு ஏறிய கதை, எல்லாம் அதில் உண்டு. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பூஞ்சை பிடித்த கேசட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாம் கணினியில் ஏற்றியாகிவிட்டது என்று அவர்களிடம் சொன்னவனே நான்தான்.

ஏற்றியதும் உண்மைதான். 2009இல் என் அக்கா மகன் (பெங்களூரில் கணினி வேலை) லீவில் வந்தபோது ஒவ்வொரு கேசட்டாக ஓடவிட்டு எம்.பி.3 ஆக்கினான். மொத்தம் சுமார் 2.1 ஜி.பி. இன்றைக்கு இது ஒன்றுமே இல்லை, கல்யாண வீடியோ ஒன்றே இதைவிடப் பெரிது. அன்றைக்கு என் வீட்டு இணைப்பின் வேகம் 256 கே.பி.பி.எஸ். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒருவருக்கு அனுப்பவே 19 மணி நேரம். கேட்டிருந்தவர்கள் பதினோரு பேர். ஒருவர் மாற்றி ஒருவராக அனுப்பினால் ஒன்பது நாள், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால்.

"மாமா, இதுக்குத்தான் டொரண்ட் இருக்கு. நாம ஒரே ஒரு தடவை அனுப்பினாப் போதும். ஆளுக்கு ஒரு துண்டாக் குடுத்துட்டா மீதியை அவங்களுக்குள்ளயே மாத்திக்கிடுவாங்க" என்றான்.

அப்படியே நடந்தது. இரண்டாம் நாள் முடிவதற்குள் பதினோரு பேரிடமும் முழுதாகச் சேர்ந்துவிட்டது. நான் ஓய்வு பெறும்வரை தொலைபேசி இலாகாவில் இருந்தவன். எக்ஸ்சேஞ்ச் என்ற ஒன்று நடுவில் இல்லாமல் பன்னிரண்டு பேர் பேசிக்கொள்ள முடியும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

2016இல் இடி விழுந்து என் பழைய கணினியும் அதிலிருந்த வட்டும் போயின. நான் கவலைப்படவே இல்லை. பதினோரு பேரிடம் இருக்கிறது, எங்கே போய்விடப்போகிறது? இந்த வருடம் பேத்தி கல்லூரி ஆய்வுக்காக அந்தப் பாட்டுகளைக் கேட்டாள். பழைய டொரண்ட் கோப்பு மின்னஞ்சலில் கிடந்தது. எடுத்து ஓடவிட்டேன். உலகத்திலேயே ஒரே ஒரு கணினிதான் பதில் சொன்னது. சிங்கப்பூரில் இருக்கும் நண்பரின் மகன் வீட்டுக் கணினி. அதிலும் 97.3தான் இருந்தது.

மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் கணினியை விற்றுவிட்டார். ஒருவர் பேரன் விளையாட்டு ஏற்றுவதற்காக இடம் காலி செய்தாராம். அனேகமாக எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "உங்க கிட்டதான் இருக்குமேன்னு இருந்துட்டேன்."

இந்த வாக்கியம்தான் மூன்று மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்த வலையமைப்புகளை எப்படிக் கட்டினார்கள், எங்கே எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

முதலில் வந்தது நாப்ஸ்டர், 1999இல். ஷான் ஃபானிங் என்ற பதினெட்டு வயதுப் பையன் எழுதியது. பாட்டுகள் அவரவர் கணினியில்தான் இருக்கும். எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரின் சர்வரில். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏலக்காய்த் தரகர்தான் அது. சரக்கு அவரிடம் இருக்காது. எந்தத் தோட்டத்து ஸ்டோரில் எத்தனை மூட்டை, எட்டு எம்.எம். காய் யாரிடம் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கும். அவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர் படுத்துவிட்டால் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் திசை தெரியாது. நாப்ஸ்டரைப் படுக்கவைக்க ஒரு நீதிமன்ற உத்தரவு போதுமாக இருந்தது. 2001 ஜூலையில் பட்டியலை மூடினார்கள். கோடிக்கணக்கான கணினிகளில் பாட்டு அப்படியே இருந்தது, யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

ஒற்றை வழியை நம்பினால் என்ன ஆகும் என்பது எங்கள் மலைக்குப் புதிதல்ல. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை வெள்ளைக்காரன் ஒரு சின்ன ரயில் ஓட்டினான். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேரும். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவே இல்லை. தலைச்சுமைக்காரர்களின் ஒற்றையடிப் பாதைகளை எந்த வெள்ளமும் மொத்தமாகக் கொண்டுபோக முடியாது. ஆனால் ஒற்றையடிப் பாதையில் எவ்வளவு தேயிலைதான் போகும்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாப்ஸ்டர் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்த 2000ஆம் ஆண்டிலேயே, தரகரே வேண்டாம் என்று நுட்டெல்லா வந்தது. இதில் பட்டியல் எங்கேயும் கிடையாது. ஒரு பாட்டு வேண்டுமென்றால் உங்கள் கணினி பக்கத்துக் கணினிகளைக் கேட்கும், அவை தங்கள் பக்கத்தவற்றைக் கேட்கும். ஏழு கை மாறியதும் கேள்வி நின்றுவிடும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆளுக்கு நான்கு இணைப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஏழு கை மாறுவதற்குள் அந்தக் கேள்வி 4,372 கணினிகளின் கதவைத் தட்டியிருக்கும். ஒரே ஒரு பாட்டுக்கு! எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் வலையில் பாட்டு ஓடாது, கேள்விதான் ஓடும். அத்தனை கதவு தட்டியும், எட்டாவது கையில் பாட்டு இருந்தால் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஒரு நம்பருக்காக ஊர் முழுக்க மணியடிக்கிற எக்ஸ்சேஞ்சை நாங்கள் கட்டியிருந்தால் அன்றே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள்.

நுட்டெல்லாவில் இன்னொன்றும் வெளியே வந்தது. அதே 2000இல் அடார், ஹூபர்மன் என்ற இருவர் ஆராய்ந்து பார்த்தார்கள். பயன்படுத்தியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை. கிடைத்த பதில்களில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்தவர்கள் ஒரே ஒரு சதவீதம் பேர். எல்லோரும் சமம் என்று கட்டிய வலையில் நூற்றுக்கு ஒருவர் பாரம் சுமந்திருக்கிறார். பந்திக்கு முந்துகிற நம்மை வெள்ளைக்காரன் குறை சொல்லமுடியாது போலிருக்கிறது.

பிறகு 2001இல் கஸா வந்தது. வேகமான இணைப்புள்ள சில கணினிகளைக் குட்டித் தரகர்களாக்கி வேலையைப் பிரித்துக் கொடுத்தது. கேள்விகள் குறைந்தன. ஆனால் அவசரத்தில் ஒரு தவறு செய்தார்கள். இரண்டு பேரிடம் இருப்பது ஒரே கோப்புதானா என்று தெரிய ஒரு சரிபார்ப்பு எண் வேண்டும். பெரிய கோப்பை முழுக்கப் படித்து அந்த எண்ணைக் கணக்கிட நேரமாகும் என்று, முதல் 300 கே.பி.யையும் அதற்குப் பிறகு அங்கங்கே சில துண்டுகளையும் மட்டும் படித்து எண் போட்டார்கள். ஏலக்காய் மூட்டையில் மேலாகக் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பதுபோல. மேலே நல்ல பச்சைக் காய், உள்ளே சொத்தை என்று கட்டியனுப்புகிற ஆள் எந்த ஊரில் இல்லை? படிக்காமல் விட்ட இடங்களில் குப்பையை நிரப்பினால் எண் மாறாது. கெட்ட கோப்புகள் வலை முழுக்கப் பரவின.

இந்தக் குறைகளைப் பார்த்துப் பார்த்துச் செய்ததுபோல இருந்தது பிட்டொரண்ட். பிராம் கோஹன் என்பவர் அதே 2001இல் எழுதியது. கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக எண் போட்டுவிடுகிறது. எந்த மூட்டையிலும் ஒரு காய்கூட மாற்ற முடியாது. மாற்றினால் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு ஆளிடம் வாங்கிக்கொள்ளும். யாரிடமும் குறைவாக இருக்கிற துண்டைத்தான் முதலில் வாங்கும். ஒரு துண்டு ஒரே ஆளிடம் சிக்கிக்கொள்ளக் கூடாது என்ற யோசனை. அதனால் பாட்டை முதலிலிருந்து கேட்டுக்கொண்டே இறக்க முடியாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

பிட்டொரண்டின் உயிர்நாடி அதன் கொடுக்கல் வாங்கல்தான். அதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்துச் செய்முறை! காதுகுத்துக்கு நீங்கள் ஐநூறு எழுதினால் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நானும் ஐநூறுக்குக் குறையாமல் எழுதவேண்டும். பிட்டொரண்டும் யார் தனக்கு அதிகமாகக் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் திருப்பிக் கொடுக்கும். பத்து விநாடிக்கு ஒரு தடவை கணக்குப் பார்த்து, கொடுக்காதவர்களை நிறுத்தி வைக்கும். அப்படியானால் புதிதாக வந்தவன், கையில் ஒன்றுமில்லாதவன் என்ன செய்வான்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். முப்பது விநாடிக்கு ஒரு முறை முகம் தெரியாத ஒருவருக்குச் சும்மா கொடுத்துப் பார்க்கும். புதுச் சம்பந்தி வீட்டுக்கு முதல் மொய்யை நாம் எழுதுவதுபோல.

ஆனால் செய்முறையில் இருக்கிற ஒரு பொருள் பிட்டொரண்டில் இல்லை. மொய் நோட்டு.

எங்கள் வீட்டு பீரோவில் என் கல்யாணத்து நோட்டு இன்னும் இருக்கிறது. நாற்பது வருடம் கழித்தும் இன்னார் இவ்வளவு எழுதினார் என்று பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். பிட்டொரண்டின் ஞாபகம் இறக்கி முடிகிற வரைதான். எனக்கு நூறு சதவீதம் வந்துவிட்டால் உங்களிடம் வாங்க எனக்கு ஒன்றுமில்லை. நான் கணினியை அணைத்துவிட்டுப் போனால் என்னைத் தண்டிக்கவும் வழியில்லை. சாப்பிட்டதும் பந்தியிலிருந்து எழுந்து போகலாம். இந்தக் குறையைத் தீர்க்க, உறுப்பினராகச் சேர்ந்தால்தான் நுழையலாம் என்று சில தனி வட்டங்கள் உண்டாயின. யார் எவ்வளவு இறக்கினார், எவ்வளவு ஏற்றினார் என்று கணக்கு வைத்தன. கொடுக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் நோட்டு எழுத ஒரு ஆள் வேண்டும், அதை வைக்க ஒரு பீரோ வேண்டும். அதாவது, துரத்திவிட்ட மையம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது.

யாரிடம் எந்தத் துண்டு என்று சொல்ல ஆரம்பத்தில் பிட்டொரண்டுக்கும் டிராக்கர் என்ற ஒரு சர்வர் வேண்டியிருந்தது. 2005இல் அதையும் எடுத்துவிட்டார்கள். விலாசப் புத்தகத்தையே கிழித்து, ஆளுக்கு ஒரு தாளாக எல்லோரிடமும் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எந்தத் தாள் என்பது ஒரு கணக்கின்படி அமையும். 2002இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கடெம்லியா என்ற முறை அது. பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் ஏறக்குறைய இருபது கேள்வியில் சரியான தாளைப் பிடித்துவிடலாம். நுட்டெல்லாவின் 4,372 கதவை நினைத்துப் பார்த்தால் இது பெரிய சாதனை. சிங்கப்பூர்க் கணினியை நான் கண்டுபிடித்ததும் இதன் புண்ணியத்தில்தான். 2009இல் நாங்கள் பயன்படுத்திய டிராக்கர் எப்போதோ மறைந்துவிட்டது.

இதற்கும் விலை உண்டு. கோப்பின் சரியான எண் தெரிந்தால்தான் தேட முடியும். "ஏலமலைத் தாலாட்டு" என்று பெயரைச் சொல்லித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எண்ணை யாராவது எங்காவது பட்டியல் போட்டு வைத்திருக்கவேண்டும், அந்தப் பட்டியல் மறுபடி ஒரு மையம். அடுத்தது, ஒரே ஆள் ஆயிரம் பெயரில் வந்து நின்றுகொள்ளலாம், போலி ரேஷன் கார்டு மாதிரி. அடையாளத்துக்குச் சான்று கொடுக்க நடுவில் ஒருவர் இல்லாவிட்டால் இதை முழுக்கத் தடுக்க முடியாது என்று 2002இலேயே ஜான் டவ்சர் எழுதிவிட்டார். மூன்றாவது, நீங்கள் எதை இறக்குகிறீர்கள் என்பது உங்கள் ஐ.பி. முகவரியோடு கூட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க ஃப்ரீநெட் என்று ஒன்றை 2000இல் இயான் கிளார்க் கொண்டுவந்தார். அதில் உங்கள் வட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. ஆனால் யாரும் கேட்காத கோப்பு நாளடைவில் தானாக உதிர்ந்துவிடும். வாத்தியாரின் கேசட்டுகளை வருடத்துக்கு எத்தனை பேர் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

மையம் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் சென்னையிலேயே பார்த்தோம். 2012இல் '3' படம் வெளிவந்த சமயம், அதைத் திருட்டுத்தனமாகப் பரப்பக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத ஆட்கள் மேல் ஓர் உத்தரவு வாங்கினார்கள். நியாயமான கோரிக்கைதான். ஒரு படத்துக்காக உழைத்தவன் வயிற்றில் அடிப்பதை நான் எந்தக் காலத்திலும் ஆதரித்ததில்லை. ஆனால் மே மாதம் இணையச் சேவை நிறுவனங்கள் பைரேட் பே மட்டுமல்ல, விமியோ போன்ற தளங்களையும் மொத்தமாக மூடிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் மூடினால் போதும், தளம் முழுவதையும் அல்ல என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தவேண்டியிருந்தது. கள்ளிச்செடியை வெட்டப்போய் வேலியையே பிடுங்கிய கதை. பட்டியல் இல்லாத வலையை அப்படி மூட முடியாது. இதனால்தான் மையமே கூடாது என்று இளைஞர்கள் ஆவேசமாகப் பேசுகிறார்கள். அந்த ஆவேசத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது.

யாழ்ப்பாணத்தை நினைத்தால் இன்னும் நன்றாகப் புரிகிறது. 1981இல் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் ஒரே இரவில் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. ஒரே இடத்தில் வைத்தால் ஒரு தீக்குச்சி போதும்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தாரே, அவர் அலைந்தது எந்த மையமும் இல்லாத வலையில்தான். எந்த வீட்டுப் பரணில் எந்த ஏடு என்று ஒரு பட்டியல் கிடையாது. ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கிடைத்த ஏடுகளில் பாடம் வேறு வேறாக இருந்தது. எது சரி என்று ஒப்பிட்டுத் தீர்மானிக்க அவரே உட்காரவேண்டியிருந்தது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. கரையான் அரித்ததும் ஆற்றில் விட்டதும் போக மிஞ்சியதைத்தான் அவர் கண்டார். பல வீடுகளில் ஒரே நூல் இருந்தும் அழிந்ததற்குக் காரணம் என்ன? அடுத்த வீட்டில் இருக்கும் என்று ஒவ்வொரு வீடும் நினைத்திருக்கும். "உங்க கிட்டதான் இருக்குமேன்னு இருந்துட்டேன்."

பிட்டொரண்டை நான் குறை சொல்லவில்லை. ஒரே நேரத்தில் லட்சம் பேர் கேட்கும் பொருளை மலிவாகவும் வேகமாகவும் கொண்டுசேர்க்க அதைவிட நல்ல வழி இல்லை. கேட்பவர் கூடக் கூட வேகமும் கூடும். லினக்ஸ் வெளியாகும் நாளில் அதைப் பார்க்கலாம். கேட்பவர் குறையக் குறைய அதே இயந்திரம் கையை விரித்துவிடும். கொண்டுசேர்ப்பது ஒரு வேலை, காத்து வைப்பது வேறு வேலை. முதல் வேலையை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால் எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால் யாரும் செய்வதில்லை. அதை நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒன்றென்று நினைத்துவிட்டோம். வடிவமைத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் காப்பதாக எங்கும் வாக்குக் கொடுக்கவே இல்லை.

"இப்பத்தான் கிளவுட் இருக்கே, அதில் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே" என்பீர்கள். போடலாம். ஜியோசிட்டிஸில் வீடு கட்டியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது. மெகாஅப்லோடில் சொந்தக் கோப்புகளை வைத்திருந்தவர்கள் 2012 ஜனவரியில் ஒரு காலையில் எழுந்தபோது கதவில் அமெரிக்க அரசாங்கத்தின் பூட்டு தொங்கியது. தரகர் எப்போதும் நல்லவராகவும் உயிரோடும் இருப்பார் என்பதை நம்பித்தான் அதுவும் நடக்கிறது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு இன்டர்நெட் ஆர்க்கைவ் செய்தது. 2012இல் தங்களிடமுள்ள பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகுப்புகளை டொரண்டாகவும் வெளியிட்டார்கள். வேண்டியவர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், எல்லோரும் போய்விட்டாலும் ஆர்க்கைவின் பிரதி நின்றுகொண்டிருக்கும். மையம் இருக்கிறது, ஆனால் அது மட்டும்தான் என்று இல்லை. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். தூய்மைவாதிகளுக்கு இது பிடிக்காது. கோவில் திருவிழாவை நடத்திப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கும். சாமி எல்லோருக்கும் பொது, ஆனால் முதல் நாள் மண்டகப்படி யாருடையது, மூன்றாம் நாள் யாருடையது என்று பெயர் எழுதியிருக்கும். பெயர் எழுதாமல் "எல்லோரும் சேர்ந்து செய்துகொள்வோம்" என்று விட்டிருந்தால் விளக்கில் எண்ணெய் இருந்திருக்காது.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும், மனசுக்குக் கஷ்டமான விஷயம். போன மாதம் தேவாரத்திலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். அவருடைய தாயார், தன் தம்பி மலையில் இறந்ததற்குப் பாடிய ஒப்பாரி ஒரு கேசட்டில் இருக்கிறது. "அது எங்க வீட்டுத் துக்கம்ணே, ஊரு கேக்கவேணாம், எடுத்துருங்க" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். வாத்தியார் அந்தக் காலத்தில் இதையெல்லாம் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. என் கணினியில் அழித்தேன், சிங்கப்பூருக்கும் சொல்லி அழிக்கச் செய்தேன். மற்ற பத்துப் பேரில் யார் யாருக்குக் கைமாற்றினார் என்று எனக்குத் தெரியாது. "எடுத்தாச்சும்மா" என்று முழு வாயாக அவரிடம் சொல்ல முடியவில்லை. வேண்டும் என்று தேடுகிற கேசட் கிடைக்கவில்லை, வேண்டாம் என்று சொன்ன கேசட் எங்கே இருக்கிறதோ தெரியவில்லை. இரண்டும் ஒரே ஏற்பாட்டின் விளைவு. நடுவில் பொறுப்பான ஒருவர் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். அதே ஆளை யாராவது மிரட்டிக் கங்காணிப் பாட்டையும் அழிக்கச் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மைதான்.

இப்போது நாங்கள் மூன்று பேர் பெயர் எழுதிக்கொண்டோம். போடியில் நான், பெங்களூரில் அக்கா மகன், சிங்கப்பூரில் நண்பரின் மகன். அந்த ஒப்பாரி நீங்கலாக மற்றவற்றை ஆளுக்கு ஒரு பிரதி வைத்து, தைப்பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஒருவரையொருவர் கூப்பிட்டு, கோப்பைத் திறந்து கேட்டுச் சரிபார்க்கவேண்டும். என் முறைக்குப் பின் பேத்தி. அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். யாராவது நீக்கச் சொன்னால் மூன்று பேரும் பேசி முடிவெடுப்போம்.

விடுபட்ட 2.7 சதவீதம் சுமார் ஒரு கேசட் அளவு. வாத்தியார் கையெழுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டதில் பெரும்பகுதி 23ஆம் எண் கேசட் என்று தெரிகிறது. போடிமெட்டு ஏறிய கதையைச் சொன்ன பாட்டி அதில்தான் பேசுகிறார். அவர் குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, சொன்ன கதையில் பாதி ஞாபகம் இல்லை.

2009இல் இதை இறக்கியவர்களோ, அவர்களிடமிருந்து வாங்கியவர்களோ யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து பழைய கணினியையோ வட்டையோ ஒருமுறை திறந்து பாருங்கள். "ஏலமலைக் குரல்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். 23ஆம் எண் கேசட் மட்டும் இருந்தாலும் போதும், எனக்குத் தெரியப்படுத்துங்கள். டொரண்ட் மென்பொருள் அப்படியே இருந்தால் அதை ஓடவிட்டுவிட்டு நீங்கள் தூங்கப் போகலாம். என் கணினி இந்தப் பக்கம் விழித்துத்தான் இருக்கிறது.